பதினேழு வெட்டு

ஆவணியில் ஒரு ராத்திரி
ஆறு கோட்டு ராஸ் குதித்துவிட்டது.
காலையில் டிவிக்குப் பின்னால்
ஒயர்களுக்கு நடுவே கிடந்தது,
மிளகாய் வற்றல் போலக் காய்ந்து,
ஊதா மட்டும் இன்னும் போகாமல்.
ரெஜினா அதைக் கரண்ட் பில்லில் மடித்து எடுத்தாள்.
"மூடி போடாம யாராவது மீன் வளர்ப்பாங்களா?"
அவ்வளவுதான் பேச்சு.

நேர்க்கண்ணாடி என்றால் ஒரு நாள் வேலை.
எங்கள் தொட்டி முன்வயிறு தள்ளியது.
கொளத்தூரில் பாதி விலைக்கு வந்தபோது
அந்த வளைவுக்குத்தான் ஆசைப்பட்டோம்.
இப்போது ஸ்கேல் படியவில்லை, டேப் நழுவியது.
ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விளிம்பின் மேல் விரித்து
பென்சிலால் ஒட்டியே போனேன்.
மணமகள் தேவை பத்தியின் குறுக்கே
ஒரு பிறை விழுந்தது.
முப்பத்திரண்டு வயது, பி.இ., சொந்த வீடு
பிறைக்குள்ளே.

சூளை மரக்கடையில் மரைன் ப்ளைவுட் கேட்டேன்.
"போட்டு கட்டறீங்களா?"
"கடலுக்கு மூடி."
அவர் சிரிக்கவில்லை. ஜிஎஸ்டி தனி என்றார்.

பலகை வளைய வேண்டுமென்றால்
முதுகில் வெட்ட வேண்டும். முழுக்க அல்ல.
ஒன்பது மில்லியில் ஏழை அறுத்து
இரண்டை விட்டுவிட வேண்டும்.
விரலகலம் தள்ளி இன்னொன்று. இன்னொன்று.
மொட்டைமாடி, டேங்க் நிழல்,
பெரம்பூர் ரயில் போகும்போதெல்லாம் கை நின்றது.
ஒன்பதாவது வெட்டில் ஒரு நூல் கூடிவிட்டது.
வளைத்தேன்.
டக்.
இரண்டாயிரத்து நூறு ரூபாய்.

கீழ் வீட்டுப் பரிமளகாந்தி படியேறி வந்தார்,
கல்யாணப் புடவைகளுக்கு மடிப்பெடுத்துக் கொடுப்பவர்.
"என் பட்டுல எல்லாம் உங்க மரத்தூள்."
முறிந்த பலகையைப் பார்த்தார்.
திட்ட வந்த வாய் அப்படியே நின்றது.
இறங்கிப் போய், ஸ்டீம் அயர்னோடு திரும்பினார்,
எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தோளில்.

இரண்டாம் பலகை.
பதினேழு வெட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு.
ஈரத்துண்டு போட்டு அவர் ஆவி விட,
நான் துணிக்கொடிக் கயிற்றை இறுக்க,
மரம் முதலில் முறைத்தது,
அப்புறம், யாரும் பார்க்காத நேரத்தில்
குனிவது போல, குனிந்தது.
பரிமளகாந்தி கயிற்றின் முடிச்சைத் தட்டிப் பார்த்தார்.
"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தொடாதே.
ஓட்டை எதுவும் என் புடவைல விழல, பொழைச்சே."

உள்ளே எபாக்ஸி மூன்று கை.
இரும்புக் கீல் ஒரு மாதம் தாங்காது, உப்பு தின்றுவிடும்.
பித்தளை.
மெரினா பத்து கிலோமீட்டர்தான்,
ஆனாலும் உப்பை வாளிக் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம்.
பின்பக்கம் ஃபேனுக்கு ஒரு வட்டம்.
எல்லாம் சரியாக உட்கார்ந்தது.
வளைவும் வளைவும் ஒட்டிய இடத்தில்
ஒரு நூல் வெளிச்சம்கூடக் கசியவில்லை.
நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ராத்திரி ரெஜினா சோபாவில் படுத்து
வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அலை எங்கே?"

மூன்று வருஷமாக எங்கள் சீலிங்கில்
நெளிந்துகொண்டிருந்த நீலம்.
அதை யாரும் அளக்கவில்லை.
நானும்தான்.
இப்போது அங்கே வெறும் சுண்ணாம்பு,
மின்விசிறி, ஒரு பல்லி.

எழுந்தேன். மூடியைத் தூக்கினேன்.
பித்தளைக் கீல் லேசாக முனகியது.
பல்லியின் மேல் கடல் ஏறியது.

"பத்து நிமிஷம்தான்" என்றேன்.
அவள் பார்த்து முடிக்கும்வரை
தொட்டிப் பக்கத்தில்
கைவலையோடு நின்றிருந்தேன்.