எண் மட்டும் பழையது

டிசம்பரோடு நாங்கள் கிடையாது
என்றது சுற்றறிக்கை.
கிடையாது என்றால் சாவு இல்லை,
இணைப்பு.
சுகாதாரத் துறையின் மூன்றாம் மாடி,
பாத சிகிச்சைக்கும் காது பரிசோதனைக்கும் நடுவில்
நான்கு மேசை, ஒரு தொலைபேசி.
எண் மட்டும் பழையது.

பழைய கட்டடத்தில்
பெயர்ப்பலகையைக் கழற்ற ஃபாக்ட்னா வந்தான்.
மூன்று திருகாணி கழன்றது.
நான்காவது அசையவில்லை.
"ஸ்லைகோ மழை" என்றான்,
பலகையை இரு கையாலும் பிடித்து முறித்தான்.
ஒரு மூலை, அரை எழுத்தோடு,
சுவரிலேயே நின்றுவிட்டது.

ஜனவரி. ஃபிடெல்மா ஒரு படம் கொடுத்தாள்:
கட்டங்கள், கட்டங்களுக்கிடையே கோடுகள்,
யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று.
என் கட்டத்துக்கு மேல் இரண்டு கோடு.
அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் மணி அடித்தது.

"ரெண்டு கோடு" என்றது ஒரு குரல்.
பின்னால் கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சல்.
லாங்ஃபோர்டு போகும் வழியில் ஏதோ பெட்ரோல் பங்க்.
இரைச்சல் நின்றதும்
மறுபடி அவளே அதை அழுத்தினாள்,
வெளியே யாருக்கும் கேட்கக் கூடாதென்று.

கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை.
"நீங்க தனிதானே? சுகாதார ஆபீஸ் இல்லையே?
அங்க எங்க சித்தி இருக்காங்க. ஃபைல் பிரிவு."

போன மாதமென்றால்
'ஆமாம், தனி' என்று மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன்.
அந்த அரை எழுத்து இப்போது
வேறொரு தெருவில் நனைந்துகொண்டிருக்கும்.

"இப்போ ஒரே கூரைதான்" என்றேன்.
இரைச்சல் நின்றது.
வைத்துவிடுவாள், வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.
வைக்கவில்லை.
"உன் பேரை நான் கேக்கவே இல்லையே" என்றேன்.
வியாழன். இரண்டரை மணி. பின்பக்க மாடிப்படி.

திரையில் புதுப் படிவம்.
பெயர்: பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்,
நிரப்பாமல் அடுத்த பக்கம் நகராது.
என் பெயரை அடித்தேன்.
நகர்ந்தது.

மார்ச் கடைசியில், காலாண்டுக் கணக்கோடு
ஃபிடெல்மா என் மேசையருகே வந்து நின்றாள்.
"யார் இந்த ப்ரோனா?
பதினோரு தடவை வந்திருக்கிறாள்.
பதினோரு தேதியில் பிறந்திருக்கிறாள்."

நான் தொலைபேசியைப் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.
எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.
பாத சிகிச்சைக்கு வந்த யாரோ
தாழ்வாரத்தில் விந்தி விந்திக் கடந்துபோகும்வரை
பேசவில்லை.

"பாதிக்கு என் பெயரைப் போடு" என்றாள்.
"ஃபிடெல்மா. ஒரே ஒரு எல்."