பனியை நீக்குதல்

குன்னூரில் முக்காலி விரித்து
ஸ்கேனரை ஏற்றிய முதல் நாளே
சரிவு முழுக்கப் பனி.
லேசருக்குப் பனியும் ஒரு பொருள்தான்.
தொட்டதும் திரும்பி வந்து
இங்கே ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடும்.

நான்கு கோடிப் புள்ளிகள்.
எது சுவர், எது சாரல் என்று
பிரித்துக் கொடுப்பது என் வேலை.
லாட்ஜ் அறையில்
மடிக்கணினிச் சூட்டில் விரல் காய்ச்சியபடி
இரவெல்லாம் பனியை அழிக்கிறேன்.
விசைப்பலகை இடுக்கில் வர்க்கித் தூள்.

கொடியில் காய்ந்த போர்வையைச்
சுவர் என்று எடுத்துக்கொண்டது மென்பொருள்.
அது எவ்வளவு பாரம் தாங்கும் என்றும்
கணக்குப் போட்டிருந்தது.
சிரித்துக்கொண்டே அழித்தேன்.
பிறகு தகரம் பறக்காமலிருக்க வைத்த கற்கள்,
ஒரு கோழி,
கொஞ்சம் தள்ளி அதே கோழி,
மறுபடியும் அதே கோழி.

படிக்கட்டில் நீளமாக ஒரு தீற்றல்.
பெருக்கிப் பார்த்தால் ஒரு மனிதர்,
தோளில் காஸ் சிலிண்டர்.
கருவி ஒரு சுற்று முடிப்பதற்குள்
பதினேழு படி ஏறியிருக்கிறார்.
அதனால் அவருக்கு ஒன்பது கால்,
முகம் இல்லை.
'நகரும் பொருள்' என்றொரு பட்டியல் உண்டு,
அதில் சேர்த்தால் தானே மறைந்துவிடுவார்.
சேர்த்தேன்.

ரெங்காயி அக்கா பகலில்
டேப்லெட்டை எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"எங்க வீடு இதுல என்னா கலரு?"
"இன்னும் போடலைங்க்கா."

பொய்யில்லை. போட முடியவில்லை.
அவர் வீட்டின் பின்னால் வெட்டிய மண்திட்டில்
பனியைக் கொஞ்சம் அழித்தால்
சரிவு முப்பத்து நான்கே முக்கால் பாகை.
இன்னும் கொஞ்சம் அழித்தால்
முப்பத்தைந்தைத் தாண்டுகிறது.
முப்பத்தைந்துக்கு மேல் சிவப்பு.
இரண்டு விதமும் சரியான விதம்தான்,
கையேடு இரண்டையும் அனுமதிக்கிறது.

மஞ்சள் என்றால் அங்கேயே இருப்பார்கள்.
சிவப்பு என்றால் உயிரோடு இருப்பார்கள்,
எங்கே என்பதற்கு
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
போன ஐப்பசியில் கீழ் லைனில்
மண் இறங்கிய வீடு
அதற்கு முந்தின வரைபடத்தில் மஞ்சள்.

வியாழக்கிழமைக்குள் அறிக்கை.
மூன்று மணிக்கு மூடி வைத்தேன்.
ஐந்தரைக்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு
மறுபடியும் அதே படி.

சிலிண்டரோடு வந்தவர் நின்றார்.
"நேத்துத்தானே எடுத்தீங்க?"
"நேத்து பனிங்க."
"இன்னிக்கி மட்டும் என்னவாம்."

அதுவும் சரிதான்.
இருந்தாலும் பட்டனை அழுத்தினேன்.
தலை சுழலத் தொடங்கியதும்
போட்டோ என்று நினைத்தாரோ என்னவோ,
சிலிண்டரைப் படியில் இறக்கி
மப்ளரைச் சரிசெய்துகொண்டு
அதன்மேல் உட்கார்ந்தார்.

ஒரு சுற்று முழுக்க
அசையவே இல்லை.