ஷ தீர்ந்த மாதம்

செவ்வாய்ப்பேட்டை, சேலம். அக்டோபர் 1937.

எங்கள் அச்சுக்கூடத்தில்
ஷ மொத்தம் பதினொன்று.
அதில் ஒன்றுக்கு வால் உடைந்திருக்கும்.
ஹ ஒன்பது. ஸ் மட்டும் கொஞ்சம் தாராளம்,
கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடம் என்பதால்.

இத்தனை வருஷமாய்ப் போதுமாக இருந்தது.
மேட்டூரில் அணை எழும்பிய சேதிக்குக்கூட
ஒரு ஷ கேட்கவில்லை.

இந்த மாதம் ஷாங்ஹாய்.
ஒரே சொல்லில் ஷவும் ஹவும்.
முதல் தந்தியில் இரண்டு, அடுத்ததில் மூன்று,
அகதிகள் பத்தியில் நான்கு.
பாதிப் பக்கம் கோப்பதற்குள்
விரல் பெட்டியின் அடிப்பலகையைத் தொட்டுவிட்டது.
ஸ்பெயின் இன்னும் தொடங்கவேயில்லை.
வடக்கே கிஹோன் துறைமுகம் விழுந்ததாம்.
அதற்கும் ஒரு ஹ.

கல்லின்மேல் கட்டிக் கிடந்தது
வீராணத்துக் கல்யாணப் பாரம்.
முன்னூறு பிரதியும் ஓடி முடிந்ததால் அவிழ்த்தேன்.
விவாஹத்தின் ஹ வந்தது,
ஈஸ்வர வருஷத்தின் ஷ வந்தது.
மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தும்
சிவப்பு மை ஓரத்தில் விடவில்லை.
அப்படியே அனுப்பினேன்
குண்டு விழுந்த தெருவுக்கு.

உள்ளூர்ச் சேதிக்கு எழுத்துப் பஞ்சமே கிடையாது.
முதல் தேதியிலிருந்து
சேலத்தில் கள் இல்லை.
கண்ணை மூடிக்கொண்டே கோத்துவிட்டேன்.
ட்ரெடில் மிதிக்கிற எத்திராசுக்குத்தான் கை நடுக்கம்;
முதல் வாரத்துத் தாளெல்லாம்
அரை விரற்கடை சாய்ந்து விழுந்தன.
மூன்றாம் வாரம் நேராயிற்று.
சனிக்கிழமை, கூலி அவன் கைக்குப் போகுமுன்
பிள்ளையை இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்கும்
அவன் பெண்சாதி வரவில்லை.
அதே சனிக்கிழமை
கன்னங்குறிச்சியில் மரம் ஏறுகிற நாச்சிமுத்து
பாளைக் கத்தியை விற்க வந்தான்.
எட்டணா. காகிதம் வெட்ட நன்றாயிருக்கிறது.
பத்திரிகையில் அவன் இடம் கேட்கவில்லை,
நாங்களும் கொடுக்கவில்லை.

இங்கிலாந்தில்
அணுவைப் பிளந்தவர் காலமானார் என்று நாலு வரி.
அணு: இரண்டே அச்சு.
கடைசிப் பக்கத்தில், கூந்தல் தைலத்துக்குக் கீழே
இடம் மிச்சமிருந்தது.

மழை பிடித்துக்கொண்ட அன்று
சேர்வராயன் மலை முழுசாக மறைந்தது.
துரைமார் வாயில் அது ஷெவராய்.
ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றின்
காப்பிக் கொட்டை நோட்டீஸ் வந்தது,
வரிக்கு வரி ஷெவராய்.
மலை இங்கே இருக்கிறது,
எழுத்து சீனாவில் இருக்கிறது என்றேன்.
முதலாளி வையாபுரி சிரிக்கவில்லை.
சென்னை எழுத்து வார்ப்படக்காரருக்குக் கார்டு போட்டார்:
ஷ முப்பது, ஹ முப்பது.
பதில் வந்தது:
ஈயம் விலை ஏறிக் கிடக்கிறது.
காரணம் தாங்கள் அச்சிடும் செய்திகளிலேயே இருக்கும்.

கடைசி வாரம் வேறு வழியில்லை.
ஷ நின்ற இடத்தில் ச போட்டேன்.
ஹவை விட்டுவிட்டேன்.
சாங்காய் எரிகிறது.
எத்திராசு ஈரத் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டான்:
"இது என்ன காய், நம்ம சந்தைக்கு வருமா?"
சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன்,
செத்தவர் தொகை.
பூஜ்யம் மட்டும் தீரவேயில்லை.

தீபாவளி நெருங்கி,
பையன்கள் தெருவில் ஓலைவெடி உலர்த்துகிற நேரம்
அம்மாப்பேட்டைப் புலவர் ஒருவரிடமிருந்து கடிதம்.
வடவெழுத்தைத் துணிந்து நீக்கிய
தங்கள் தமிழ்ப்பற்றைப் பாராட்டி
ஓராண்டுச் சந்தா, ஒன்றரை ரூபாய்.
முதலாளி இரண்டு முறை படித்தார்.
காசைக் கல்லாவில் போட்டார்.
"இனிமே இப்படியே கோத்துருப்பா" என்றார்.

வால் உடைந்த ஷ மட்டும்
பெட்டியில் கிடக்கிறது.
அடுத்த இதழுக்கான தந்தி
மேசைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.
இன்னும் பிரிக்கவில்லை.