ஆறு டன்

பாலத்தின் முகப்பில் பலகை சொல்கிறது: ஆறு டன்.
என் பள்ளிப் பேருந்து, ஒரு பிள்ளையும் ஏறுமுன்பே, பத்து.
ஆகவே தினமும் பதினோரு மைல் சுற்று.
நியூ ஹாம்ப்ஷயரின் வடக்கு மூலை,
வளைவுக்கு மேல் வளைவு.
கடைசியாக இறங்கும் டோபின்
ஏழாவது வளைவில் வாந்தியெடுப்பான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
அரசியலை நான் அந்த வாளி வழியாகத்தான் பார்க்கிறேன்.

செப்டம்பர், இரண்டாம் செவ்வாய்.
கட்சிக்குள்ளேயே தேர்தல்.
மாநில செனட்டுக்கு ஓர் இடம், இரண்டு பெயர்.

ஆல்டன் ஸ்ட்ரீட்டர் பதினெட்டு வருடமாக அங்கே இருக்கிறார்.
"ஆனால்" இல்லாமல் ஒரு வாக்கியம் முடித்ததில்லை.
மதில்மேல் பூனை, என்கிறான் என் கணவன் வெண்டல்.
மதில்மேல் நின்றால்தான் இரண்டு தோட்டமும் தெரியும், என்றேன்.
இறங்கி ஒரு களை பிடுங்கினாரா, என்றான்.
பிடுங்கினார்.
ஒன்பது வருடம் முன்பு பாலத்தை மூடவே வந்தார்கள்.
மூடவிடாமல், மூன்று டன்னை ஆறாக்கியவர் ஆல்டன்,
எதிர்க்கட்சிக்காரனோடு ஒரே மேசையில்
ஆறிப்போன சூப்பைக் குடித்து.
ஆம்புலன்ஸ் போகிறது.
நான் போக முடியாது.

ஜினெட் பெல்ரோஸ் இழுவை லாரி ஓட்டுகிறாள்.
எந்தக் கமிட்டியிலும் உட்கார்ந்தவள் இல்லை;
எங்குமே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
பிப்ரவரிப் புயலில் என் பேருந்து பள்ளத்தில் சரிந்தபோது
உள்ளே பதினான்கு பிள்ளைகள், ஹீட்டர் செத்துவிட்டது,
பனிச்சேற்றில் மல்லாந்து சங்கிலி மாட்டியவள் அவள்.
காசு நீட்டினேன். போடி, என்றாள்.
மேடையிலும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறாள்,
கவர்னருக்கு, காப்பீட்டுக் கம்பெனிக்கு, ஆல்டனுக்கு.
முதல் வருடமே புதுப் பாலம், என்றாள்.
பணம்? யாரோ கேட்டார்கள்.
அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.
கூடம் அதிர்ந்தது. நானும் தட்டினேன்.
தட்டும்போதே ஒரு கை கேட்டது:
இழுக்கத் தெரிந்தவளுக்குக் கட்டத் தெரியுமா?
மற்றக் கை சும்மா இருக்கவில்லை:
கட்டத் தெரிந்தவருக்குப் பதினெட்டு வருடம் போதவில்லையா?

தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேய் மேலாம்.
இங்கே பேயும் இல்லை, தேவதையும் இல்லை.
என் தம்பியின் டயாலிசிஸுக்காக
மூன்று கடிதம் கைப்பட எழுதியவர் ஒருவர்.
டீசல் வாடையோடு வந்தவள் ஒருத்தி.
நன்றியைக் கூட்டிக் கழித்தால்
மிச்சம் எதுவும் வரவில்லை.

நகர மண்டபத்தில், திரைக்குப் பின்னால்,
நூலில் கட்டிய பேனா.
அடுத்த மறைப்பில் ஓர் இருமல். ஆல்டன்தான்.
இரண்டு குளிர்காலமாக அந்த இருமல் எனக்குத் தெரியும்.
பேனா என் கையில் கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு ஒரு வட்டத்தைக் கருப்பாக்கினேன்.
வெண்டலுக்குக்கூடச் சொல்லவில்லை.

இரவு, எண்ணும் மேசையில் நானும் இருந்தேன்.
நானூற்றுச் சொச்சம் சீட்டு, அரைத் தட்டு பிஸ்கட்.
ஒரு சீட்டில் இரண்டு வட்டமும் நிரம்பியிருந்தன,
ஓரத்தில் நடுங்கும் எழுத்தில்: தயவுசெய்து.
செல்லாது, என்றார் அதிகாரி.
செல்லாததுதான்.
அடுக்கில் வைக்குமுன்
கையெழுத்து யாருடையது என்று நான் பார்க்கவில்லை.
பார்த்தேன். சொல்லமாட்டேன்.

எங்கள் ஊரில் பதினேழு ஓட்டில் ஜினெட்.
மற்ற ஊர்களின் கணக்கு மதியம்தான் வரும்.

காலை ஆறு இருபது. வாளியைக் கழுவி வைத்தேன்.
மூன்றாம் வளைவில் எதிரே இழுவை லாரி.
அதுவும் எட்டு டன், அதற்கும் இந்தச் சுற்றுதான்.
நேற்றுவரை இதை நான் நினைத்துப் பார்த்ததேயில்லை.
ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல் உயர்த்தினாள்.
நானும் உயர்த்தினேன்.
இரவெல்லாம் தூங்காத முகம்.
ஜெயித்தவள் முகமா, பயந்தவள் முகமா,
கண்ணாடியில் சூரியன் அடித்து மறைத்துவிட்டது.

அந்தச் சிரிப்பு யாருக்கு, என்றான் டோபின்.
உனக்குத்தான், என்றேன்.
ஆறாவது வளைவு.
வாளியை மடியில் வைத்துக்கொண்டான்.