மற்றவை

எக்ஸ்ரே அறையில் என் வேலை மூன்று சொல்:
இழுங்க, பிடிங்க, விடுங்க.
மூச்சைத்தான்.
ஒரு நாளைக்கு அறுபது பேரிடம்.
மற்றபடி யாரோடும் பெரிதாகப் பேச்சில்லை.

அந்த ஆள் வந்தது ஆடிச் செவ்வாய்,
கட்டைவிரலைத் துண்டில் பொதிந்துகொண்டு.
படத்தில், எலும்பை ஒட்டி
வெள்ளை வெளேரென்று ஒரு தூண்டில் முள்,
ழகரத்தின் வால் மட்டும் தனியாகக் கழன்றதுபோல.
'என்ன மீனுக்கு?'
'கொடுவா.'
'எங்கே?'
'தண்ணிப் பக்கம்.'
அதற்குமேல் ஒரு சொல் பெயரவில்லை.
விரல் வீங்கித் துடிக்கும்போதும்
இடத்தைக் காட்டிக்கொடுக்காத மனிதர்.

பொய் எதற்கு, எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது.
குழம்பு வைப்பதே சுமார்.
ஆனால் அந்தத் 'தண்ணிப் பக்கம்'
ஒரு வாரம் காதிலேயே கிடந்தது.

அவர் செருப்பில் கறுப்புச் சேறு. மணல் இல்லை.
ஆகக் கடற்கரைச் சாலை கணக்கில் வராது.
முதல் ஞாயிறு தேங்காய்த்திட்டு.
ஐஸ் லாரி, டீசல் வாடை,
'தூண்டில் சங்கமா? வேலை இல்லாதவங்க வேலைம்மா அது.'
இரண்டாம் ஞாயிறு சுண்ணாம்பாறு.
கேட்டு முடிப்பதற்குள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்கள்.
கொடுத்த காசுக்குப் படகில் போய் வந்தேன்.
மூன்றாம் ஞாயிறு, விடியாத நேரம்,
அரியாங்குப்பத்துப் பாலத்துக்குக் கீழே
அலையாத்திப் புதரோரம்
ஏழு பேர்.
யாரும் யாரையும் பார்க்காமல்,
ரேஷன் கடை திறக்கக் காத்திருப்பவர்கள்போல்
ஆற்றைப் பார்த்து நின்றார்கள்.
கட்டுப்போட்ட கட்டைவிரல்தான் முதலில் திரும்பியது.
'இடத்த யாரு சொன்னது?'
'உங்க செருப்பு.'

சங்கத்துக்குப் பலகை இல்லை, முத்திரை இல்லை.
ஒரு நீள நோட்டு,
கொக்கித் தராசு,
அளவுக்கோடு கீறிய பிவிசி குழாய்.
சந்தா வருஷத்துக்கு முந்நூறு.
'லேடீஸ் யாரும் இதுவரைக்கும்...' என்று இழுத்தார்
செயலாளர் தவமணி, டயர்க்கடைக்காரர்.
டீயை ஊதிக்கொண்டே பொருளாளர் அந்துவான்,
'கொடுவா சின்னதுல ஆம்பளை.
பெருசானாப் பொம்பளை ஆயிடும்.
இத்தனை வருஷமா நீ கட்டிப்புடிச்சுப் போட்டோ எடுத்ததெல்லாம்
யாருன்னு நெனச்சே?'
தவமணி பேனாவைத் தேடினார்.

நான் வீசிய ரப்பர் மீன்
இரண்டு தடவையும் கிளையில் போய்த் தொங்கியது.
நரம்பு சிக்கி, காக்கைக்கூடானது ரீல்.
கட்டைவிரல்காரர், ஹபிபுல்லா என்று பெயர்,
வந்து உட்கார்ந்து
மிச்சமிருந்த ஒன்பது விரலால் பிரித்துக் கொடுத்தார்.
பேசவில்லை.
முள்ளில் உயிர் இறாலை அவரே கோத்தார்.

ஓதம் ஏறி நின்ற நேரம்
உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்
என் ஆள்காட்டி விரலில்.
'இழு!'
'பிடி, பிடி!'
'விடும்மா, கொஞ்சம் விடு, ஓடட்டும்!'
என் மூன்று சொல்லையும்
எனக்கு யாரோ சொல்லக் கேட்டது அன்றுதான்.
மூச்சை எங்கே வைத்தேன், நினைவில்லை.

வந்தது கெளுத்தி.
ஒரு சாண்கூட இல்லை, மீசை மட்டும் பெரிது.
கொடுவா இல்லையே என்று யாரும் சிரிக்கவில்லை.
முள்ளைக் கழற்றப்போய்
அதனிடம் நான் குத்து வாங்கியபோது
எழுவரும் சிரித்தார்கள்.
தண்ணீரில் விட்டதும்
திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

நோட்டில் தேதி, நிலா, ஓதம்,
பக்கம் முழுக்கக் கொடுவா, கொடுவா, கொடுவா.
ஓரத்தில் ஒல்லியாக ஒரு கட்டம்: மற்றவை.
அதில் தவமணி, பழக்கதோஷத்தில்
'ஜெயக்கொடுவா' என்றெழுதி
'வா'வை அடித்து, 'டு'வை 'டி' ஆக்கினார்.
கெளுத்தி. பதினாலு சென்டிமீட்டர். விடப்பட்டது.

திங்கட்கிழமை கை பூரிபோல் உப்பியிருந்தது.
நானே தட்டில் வைத்து நானே படம் எடுத்தேன்.
முள் ஏதுமில்லை.
டாக்டர் விளக்கில் தூக்கிப் பார்த்து,
'எங்கேம்மா குத்தினது?' என்றார்.
'உள்ளங்கைல டாக்டர்.'
'அது தெரியுது. எந்த இடத்துல?'

'தண்ணிப் பக்கம்' என்றேன்.