இருபத்திரண்டு

கதவோரத் தகட்டில் முப்பது என்றிருக்கிறது.
அது தார் றோட்டுக்கு.
மடூல்சீமைக்கு மேலே தார் முடிகிற இடத்தில்
குந்தியிருக்கிறேன்,
காற்றுமானி கையில்,
வால்வு மூடி வாயில்.

பதினெட்டு என்றான் பஜேரோவை விற்ற நவ்ஷாட்.
இருபத்தாறுக்குக் கீழே போனால்
கல் பக்கவாட்டைக் கிழிக்கும் என்றது
பதுளை டயர்க்கடை.
இருவருமே சத்தியம் செய்தார்கள்.

ஊசியை அமுக்கினேன்.
உஸ்ஸென்று யாரையோ அதட்டுகிற சத்தம்.
அடித்துத்தான் எனக்குப் பழக்கம்:
சைக்கிளுக்கு, பந்துக்கு,
சம்பளம் கூட்டிக் கேட்கப் போகும்போது
எனக்கே.
இறக்குவதற்கும் ஓர் அளவு இருப்பது
முப்பத்தேழு வயதில்தான் தெரிகிறது.

இருபத்திரண்டில் நிறுத்தினேன்.
காரணமில்லை, விரல் நொந்தது.

நேற்றைய மழை இன்னும் பாதையில் கிடந்தது.
கல் ஒவ்வொன்றும்
டயருக்குள் கொஞ்சம் போய்
யோசித்து வெளியே வந்தது.
பின் சீட்டில் கேத்தல் உருளவில்லை.
"பாத்தியா," என்றேன் சுகிர்தாவிடம்,
ஏதோ நானே மலையை இளக்கினதுபோல.

மூன்றாம் வளைவில் கொழுந்து லொறி.
மூட்டைக்கு மேலே இரண்டு பேர்,
பாறையாட்டம் இறுகின டயர்கள்,
பூ தேய்ந்து வழுக்கை.
ஒதுங்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு
அந்தச் சேற்றில்
வெற்றிலை மென்றபடி இறங்கிப் போனான்.

சந்தேகத்தில் மறுபடி அளந்தேன்.
இருபத்திரண்டு.
இருபத்திரண்டு.
இருபத்திரண்டு.
இடது பின்பக்கம்:
முப்பது.

சுகிர்தா சிரித்து முடிக்கட்டும் என்று
மூடியைக் கழற்றி
வாயில் வைத்துக்கொண்டேன்.