பெரிய சனி

எங்கள் வீட்டில் சிக்னல் ஒரே இடத்தில்தான் கிடைக்கும்:
தெற்கு ஜன்னலின் மூன்றாவது கம்பி.
ராத்திரியானால் மஞ்சள்பையில் போட்டு
போனை அங்கே தொங்கவிடுவேன்,
இரண்டு வருஷம் ஏழு மாதமாய்.
சார்ஜரின் பச்சைப் பொட்டு விடியவிடிய எரியும்.
கோயிலில் நற்கருணைப் பேழைக்கு எரிவது சிவப்பு.
இரண்டின் முன்னாலும் முழங்காலிட்டிருக்கிறேன்.

பட்டியலில் என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி
இருநூற்றுப் பதினாறாக இருந்து
நூற்று அறுபத்தெட்டாகி
அதிலேயே நின்றுவிட்டார்.

செவ்வாய், வியாழன், சனி.
நாகலூரிலிருந்து முதல் பஸ்.
இருபது வளைவு இறங்கினால் அடிவாரம்,
அப்புறம் வெயில், அஸ்தம்பட்டி, பெரியாஸ்பத்திரி.
நாலு மணி நேரம் அவர் ரத்தம்
வெளியே போய்க் குளித்துவிட்டு வரும்.

தண்ணீர் நாளைக்கு முக்கால் லிட்டர்.
காப்பி, ரசம், மாத்திரைக்கு ஒரு மடக்கு
எல்லாம் நோட்டில் எழுதுவேன்.
நேற்று, வெள்ளிக்கிழமைப் பாடுகள் வாசிக்கையில்,
சிலுவையில் தொங்குகிறவர் தாகமென்று சொல்லும் இடத்தில்
இஞ்ஞாசி என் பக்கம் சாய்ந்தார்:
"பாத்தியா, அவரும் நம்ம வார்டுதான்."
சிரிக்கக்கூடாத நாள்.
சிரித்துவிட்டோம்.

ஒருமுறை போன் அடித்தது.
ஆடி மாதம், ராத்திரி ஒன்றேகால்.
மிளகு மூட்டை ஏற்றுகிற ஜீப்பில் இறங்கினோம்.
விடிந்ததும் சொன்னார்கள்: நீங்கள் மாற்று ஆள்,
முதல் ஆளுக்கே பொருந்திவிட்டது.
சரி என்று எழுந்தபோது
எதிர் பெஞ்சில் ஒரு பெண்,
மடியில் ஹெல்மெட்.
ஒரு கீறல் இல்லை அதில்.
வண்டிக் கண்ணாடியில் மாட்டியே இருந்ததாம்.
அவள் யாரென்று யாரும் சொல்லவில்லை.
என்னிடம் மணி கேட்டாள்.
ஆறு பத்து என்றேன்.

அன்றிலிருந்து
'கொடும்' என்று செபிக்க வாய் எழவில்லை.
யாரிடமிருந்து எடுத்து?
பங்குச் சாமியாரிடம் கேட்டேன்.
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அதற்காகவே அவரைப் பிடிக்கும்.

இப்போதெல்லாம் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து
வளைவில் முந்துகிற ஒவ்வொரு பையனுக்கும் சொல்கிறேன்:
ஆண்டவரே, அந்தப் பட்டையை அவன் மாட்டிக்கொள்ளட்டும்.
இப்படிக் கேட்கக் கேட்க எங்கள் எண் நகராது.
தெரியும்.
தெரிந்துதான் கேட்கிறேன்.
அடுத்த வளைவில் இஞ்ஞாசிக்காகவும் கேட்கிறேன்.
இரண்டையும் எப்படிச் சேர்ப்பீரோ,
அது உம்முடைய பாடு.

இன்று பெரிய சனி.
பீடத்தில் துணி இல்லை,
பேழை திறந்து கிடக்கிறது,
மணிகூட நாவை அடக்கிக்கொண்டது.
செத்தவர் இன்னும் எழாத நாள்
ஊருக்கு வருஷத்தில் ஒன்று.
எங்களுக்கு வாராவாரம்.

பஸ்ஸில் திரும்பும்போது பார்த்தேன்,
காப்பிச் செடியெல்லாம் மொட்டோடு நிற்கிறது.
பூமழை விழவில்லை.
ஒரே ஒரு மழை, பத்தாம் நாள் மலை வெள்ளையாகும்.
விழாமலும் போகும்.
போன வருஷம் மொட்டு கருகிக் கொட்டியது.
எஸ்டேட் கங்காணி வானத்தைத் திட்டுகிறார்.
திட்டிவிட்டுக்
கவாத்துக் கத்தியைத் தீட்டுகிறார்.

ராத்திரி பதினொன்றுக்குப் புதுத் தீ.
ஊசி குத்திய கையில் பிளாஸ்திரி,
அந்தக் கையிலேயே மெழுகுதிரி.
மலைக்காற்றில் இருமுறை அணைந்தது.
பக்கத்துப் பையனிடம் இருமுறை பற்றவைத்தார்.
கொடுத்ததில் அவன் திரி ஒன்றும் குறையவில்லை;
நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமியார் தீர்த்தம் தெளித்தபடி வந்தார்.
எல்லாரும் தலை குனிந்தார்கள்.
இஞ்ஞாசி முகத்தை நீட்டினார்.
உதட்டில் விழுந்த இரண்டு சொட்டை
நாவால் துழாவி எடுத்துக்கொண்டு
கண்ணை மூடினார்.

வீட்டுக்கு வந்து
போனை மூன்றாவது கம்பியில் மாட்டினேன்.
பச்சைப் பொட்டு வந்தது.
நோட்டைத் திறந்து, சனி என்று போட்டு,
கஞ்சி, ரசம், மாத்திரைத் தண்ணீர் எழுதினேன்.

அந்த இரண்டு சொட்டை எழுதவில்லை.